தானே செய்துகொள்கிறவர்கள்

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இன்னும் முப்பது கூட ஆகவில்லை. இருந்தாலும் அடுத்த மாதம் நான் செஞ்சியை விட்டுப் பெரிய மருத்துவமனைக்கு மாறிப் போகிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காரப்போகிறீர்கள். கைக்கு ஒத்தடம் கொடுக்கும் மெழுகை எவ்வளவு சூடாக்குவது, விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்கள் படிப்பிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். படிப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

சென்னையில் பிசியோதெரபி பயிற்சி முடித்த பிறகு, நம் தொழுநோய்ப் பிரிவை நடத்துகிற நார்வேக்காரர்கள் என்னைத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கோடையும் நீண்ட ஒரு குளிர்காலமும் அங்கே இருந்தேன். நோயாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கற்ற மொழி என்னுடையது. கடையில் போய்ப் பேரம் பேசச் சொன்னால் திணறுவேன். ‘சட்டையைக் கழற்றுங்கள்’, ‘அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள்’ எல்லாம் தடங்கலில்லாமல் வரும்.

திரும்பி வந்தபோது செஞ்சியில் நார்வேக்காரப் பெண்மணி ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘தொரசாணி’. கைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ஆங்கிலம் மட்டும் சரியாக வராது. நம்முடைய மதிப்பீட்டுத் தாளோ ஆங்கிலத்தில் அச்சிட்டது. அதை அவருடைய மொழியில் எழுதிக்கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன ஒருவர் அன்றாட வேலைகளில் எவற்றைத் தானே செய்துகொள்கிறார் என்று கேட்கும் தாள். தானே குளிக்கிறாரா, உடுத்திக்கொள்கிறாரா, தலை வாரிக்கொள்கிறாரா, சோறு போட்டுக்கொள்கிறாரா. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு ‘ஹிம்செல்ஃப்’ தொங்கும்.

நார்வேஜிய மொழியில் அந்த இடத்துக்கு ‘ஸை’ என்று ஒரு சின்னச் சொல். ‘வாஸ்கெ ஸை’ என்றால் கழுவிக்கொள்வது. ‘க்லே போ ஸை’ என்றால் உடுத்திக்கொள்வது. இவ்வளவுதானே என்று தொடங்கினால் கால் இடறும். ஆங்கிலத்தில் ஒருவர் சும்மா உட்காரலாம், படுக்கலாம், அவசரப்படலாம். நார்வேக்காரர் உட்கார்ந்தாலும் படுத்தாலும் அவசரப்பட்டாலும் ‘ஸை’ கூடவே வரும். ‘காயப்படுத்திக்கொண்டார்’ என்று ஆங்கிலம் பொதுவாகச் சொல்லி முடித்துவிடும். அவர்கள் அதோடு விடமாட்டார்கள். இடித்துக்கொண்டாரா, வெட்டிக்கொண்டாரா, சுட்டுக்கொண்டாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். நம் வேலைக்கு அது நல்லதுதான். உணர்ச்சி மரத்துப்போன கையில் புண் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. வெட்கப்படுவதற்குக் கூட ‘ஸை’ உண்டு: ‘ஸ்காம்மெ ஸை’. அச்சிட்ட தாளில் அந்த வரி இல்லை. பட்டியல் நிறைவாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

எனக்குப் பட்டியல் என்றால் அவ்வளவு இஷ்டம். இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் நார்வேஜியம், வலப்பக்கம் நோயாளியிடம் கேட்கவேண்டிய நம் பேச்சுத் தமிழ். தொரசாணி அதைப் படித்துப் பார்த்து இரண்டொரு திருத்தம் மட்டும் சொன்னார். பிறகு அதைத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். “இவ்வளவு துல்லியமாக எனக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எங்கள் ஆட்கள் வேலை செய்கிற மற்ற ஊர்களுக்கும் பிரதி அனுப்பவேண்டும்” என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

தாளின் அடியில் ஒரு முடிவு எழுதவேண்டும். மடங்கிய விரலை அறுவை செய்து நிமிர்த்தும் டாக்டர் பெரிய மருத்துவமனையில் இருக்கிறார். சில மாதங்களுக்கு ஒரு முறை நம் வேன் அங்கே போகும். அதில் சிலருக்குத்தான் இடம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு முதலிடம் என்பது விதி. நியாயமான விதி என்றுதான் எனக்கும் பட்டது. முடிகிறவர்களின் தாளில் தொரசாணி ‘க்லாரெர் ஸை’ என்று எழுதுவார். சமாளித்துக்கொள்கிறார் என்று பொருள். அப்படி எழுதிவிட்டால் அவர் காத்திருக்கவேண்டும். வாராவாரம் வந்து மாத்திரை வாங்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். கையை மறுபடி யாரும் அளக்கமாட்டார்கள்.

அஞ்சலை என்பவரை நான் கேள்வி கேட்டது என் முதல் வருடத்தில். தளவானூர்க்காரர். நோய் என்று தெரிந்ததும் கணவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தனியாக இருந்தார். முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்.

“நீங்களே குளிச்சுக்குவீங்களா, அக்கா?”

“நானேதான்.”

“துணி?”

“கட்டிக்குவேன்.”

“தலை வாரிக்குவீங்களா?”

“வாரிக்குவேன்.”

“சோறு?”

“ஆக்கிக்குவேன், போட்டுக்குவேன், துன்னுக்குவேன். வேற யாரு இருக்காங்க?”

சுற்றி வளைக்காமல், நான் கேட்ட வரிசையிலேயே பதில் வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றையும் அப்படியே நார்வேஜிய மொழியில் சொன்னேன். தொரசாணி அவருடைய விரல்களை அழுத்திப் பார்த்தார். மடங்கியிருந்தன, ஆனால் அழுத்தினால் நிமிர்ந்தன. கையை விட்டுவிட்டு ‘க்லாரெர் ஸை’ என்று எழுதினார். அஞ்சலை அதைப் பார்த்து, “பாஸா, ஃபெயிலாம்மா?” என்றார்.

“பாஸ்” என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு வேன் பல முறை போய் வந்தது.

அடுத்த வருடம் மழைக்காலம் முடிந்து ஒரு மதிப்பீடு நடந்தது. தொண்டூர்ப் பக்கத்திலிருந்து அந்தோணி என்பவர் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். கூடவே அவர் மனைவி சூசையம்மா. நான் அந்தோணியைத்தான் கேட்டேன். பதிலெல்லாம் சூசையம்மாவிடமிருந்து வந்தது.

“தானே குளிச்சுக்குவாரா?”

“தானேவா? நல்லாருக்குதே! நான் முதுகு தேச்சு வுட்டாதான் குளியலு.”

“சட்டை?”

“நான்தான் மாட்டி வுடறேன்.”

“சோறு? தானே போட்டுச் சாப்பிடுவாரா?”

சூசையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, நான் இன்னா செத்தா பூட்டேன், அவரே போட்டுத் துன்ன?”

வரிசை முழுக்கச் சிரித்தது. “பிளேன் ஏறிப் போயி படிச்சிட்டு வந்து கேக்குது பாரு கேள்வி!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “அதுக்கு இன்னும் கண்ணாலம் ஆவல, அதான்” என்றது இன்னொன்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தோணி தலை குனிந்து புன்னகை செய்துகொண்டிருந்தார். எதையும் மறுக்கவில்லை.

குளித்துக்கொள்வதில்லை, உடுத்திக்கொள்வதில்லை, போட்டுக்கொள்வதில்லை. நான் சொல்லச் சொல்லத் தொரசாணி இரக்கத்தோடு எழுதினார். அடுத்த வேனில் அந்தோணிக்கு முதலிடம் என்று முடிவானது.

சில நாள் கழித்து, சந்தை நாளன்று மத்தியானம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். ஒரு கல்லின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். மடங்கிய விரல்களின் முட்டியால் சோற்றுப் பொட்டலத்தின் நூலைத் தள்ளித் தள்ளி அவிழ்த்தார். நிதானமாகச் சாப்பிட்டார். கழுவிக்கொண்டார். வெயிலுக்குத் திறந்துவிட்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். நேரம் பிடித்தது, ஆனால் போட்டார். பிறகு எழுந்து வேட்டியை உதறி இறுக்கிக் கட்டினார்.

“அண்ணே, சூசையம்மாக்கா வரலையா?”

“அவ தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்குதும்மா. புள்ள பொறந்திருக்குது. போயி ஒரு வாரம் ஆவுது.”

“அப்ப சாப்பாடு, துணிமணி எல்லாம்?”

“இன்னாம்மா கேள்வி? பட்டினியா கெடப்பாங்க? போட்டுத் துன்னுக்கறதுதான்.”

“அன்னிக்கு முடியாதுன்னு சொன்னீங்களே.”

“நான் எங்க சொன்னேன்? அவ சொன்னா.” சிரித்தார். “அவ இருக்கிறப்ப நானே போட்டுக்கினா அவளுக்கு இன்னா மரியாதை? ஊர்ல நாலு பேரு அவளதானே கேப்பாங்க?”

அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் எதுவும் நடக்கவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நம் வேனில் அதுவரை போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. எல்லோரும் ஆண்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு மனைவியோ தாயோ நின்று “அவருக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான்” என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்ட பெண்கள் எல்லோரும் “நானேதான்” என்றவர்கள். நம் வீடுகளில் தன் வேலையைத் தானே செய்துகொள்வது முடிகிறவரின் அடையாளம் இல்லை. செய்துவிட ஆள் இல்லாதவரின் அடையாளம். இது எனக்குப் புதிய செய்தியும் இல்லை. என் நைனா இன்றுவரை தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டதில்லை. என் அம்மாவுக்கு யாரும் பரிமாறி நான் பார்த்ததில்லை. நார்வேக்காரருக்கு இது தெரியாமல் போகலாம். நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் இந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்தவள்.

உடனே போய்த் தொரசாணியிடம் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? சொல்லவில்லை. எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். ஒன்று, மொழிபெயர்க்கிறவள் சொல்லப்பட்டதைத்தான் சொல்லவேண்டும், தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. இரண்டு, அந்தோணியின் விரலும் மடங்கித்தானே இருக்கிறது, அவருக்கும் சிகிச்சை வேண்டியதுதானே. மூன்று, இடங்கள் முடிவாகிவிட்டன, இனிமேல் கலைத்தால் குழப்பம். மூன்றும் நல்ல காரணங்கள். நான்காவதை நான் வரிசையில் சேர்க்கவில்லை. என் பட்டியலை அந்த வாரம்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள், மற்ற ஊர்களுக்கு அனுப்ப.

வேன் புறப்படும் நாள் காலை. வாசலில் வண்டி நின்றது. சூசையம்மா ஒரு பெரிய துணிமூட்டையை, வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த கணவரின் காலடியில் தள்ளிவிட்டு, அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அன்று மாத்திரை கொடுக்கிற நாளும்கூட. தாழ்வாரத்து வரிசையின் கடைசியில் அஞ்சலை, வழக்கம்போல முந்தானைக்குள் கையோடு. முன்னங்கையில் புதிதாக ஒரு கட்டு. “இன்னாக்கா ஆச்சு?” என்று கேட்டேன். “அடுப்புல பட்டிருக்குது. எனக்கு எங்க தெரியுது? நாத்தம் வந்தப்புறம்தான் பாத்தேன்” என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வேனுக்குப் பக்கத்தில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தொரசாணியிடம் போனேன். மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் பேசும் வசதி எனக்கு இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

“நாம் ஆள் தேர்ந்தெடுத்தது தப்பு” என்றேன்.

“எதையாவது தவறாக மொழிபெயர்த்துவிட்டாயா?”

“இல்லை. ஒரு சொல்கூடத் தவறில்லை.”

“பிறகு?”

சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்ததையும் சொன்னேன். என்றைக்குப் பார்த்தாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. ஆனால் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேன் கதவைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் கோபப்பட்டால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“டிரைவரைக் காத்திருக்கச் சொல். எதுவும் கேட்காதே. செய்து காட்டச் சொல்” என்றார்.

அந்தோணியிடம் போய்ச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி மறுபடி போடச் சொன்னேன். அவர் விரலைக் கொண்டுபோவதற்குள் சூசையம்மாவின் கை போய்விட்டது. “அக்கா, நீங்க தொடாதீங்க” என்றேன். கையை இழுத்துக்கொண்டார். அடுத்த பொத்தானுக்கு மறுபடி நீண்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க, தன் கையைத் தானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அந்தோணி எல்லாப் பொத்தான்களையும் போட்டு முடித்தார். தொரசாணி அவருடைய விரல்களை அழுத்திப் பார்த்தார். நன்றாக நிமிர்ந்தன. அடுத்த வேன் வரை தாங்கும்.

“அப்ப நான் இன்னா பொய் சொன்னனா?” சூசையம்மா என் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது. “கட்டிக்கினு வந்த நாள்லருந்து இந்தக் கையாலதான் எல்லாம் செய்யறேன். கேளு அவர! இப்ப எல்லார் எதுர்லயும் என்னைப் பொய்க்காரி ஆக்கறியே, நல்லாருக்குதா உனுக்கு?”

“நீங்க பொய் சொல்லலக்கா. நான்தான் சரியாக் கேக்கல.”

“கேட்டியே! ஒண்ணொண்ணாக் கேட்டியே!”

வரிசையின் கடைசிக்கு நடந்தேன்.

அஞ்சலையிடம் போய், ரவிக்கையைக் கழற்றி மாட்டிக் காட்ட முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். “இங்கயா? ஆம்பளைங்க எதுர்லயா?” என்று பின்வாங்கினார். கட்டுப் போடும் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். தொரசாணியும் நானும் அவரும் மட்டும்.

அஞ்சலை அசையவில்லை. “கழட்ட வராதும்மா” என்றார்.

“கொக்கி கஷ்டமா இருக்குதா?”

“கொக்கி ஏது? தையக்காரர்கிட்ட குடுத்து முன்னால மூட்டிட்டேன். தல வழியா மாட்டணும். கழட்டறதுக்கு யாராச்சும் இழுக்கணும். அதனால குளிக்கறதும் இதோடதான், படுக்கறதும் இதோடதான். கிழிஞ்சா வேற.”

“குளிச்சுக்குவேன்னு சொன்னீங்களே, அக்கா.”

“குளிக்கிறேனே. தண்ணி ஊத்திக்கிறேனே.”

தலையை எப்படி வாரிக்கொள்கிறார் என்று கேட்டேன். சீப்பைச் சுவர் இடுக்கில் செருகிவிட்டுத் தலையை அசைப்பாராம். சோறு எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்கும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“தட்ட கீழ வெச்சுக் குனிஞ்சு துன்னுவேன். கதவ மூடிக்குவேன். நாயி இன்னா கைய வெச்சா துன்னுது?”

தொரசாணி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அதையும் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக.

அவர் அஞ்சலையின் கைகளைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக அழுத்தினார். வலது கை நிமிர்ந்தது, சிரமப்பட்டு. இடது கை நிமிரவில்லை. மறுபடி அழுத்தினார். மூட்டுகள் இறுகிவிட்டிருந்தன. இறுகிவிட்ட விரலை எந்த அறுவையும் திறக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதல் வருடம் இதே கையை இதே இடத்தில் அழுத்தியபோது அது திறந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். “பாஸ்” என்று சொன்னவள் நான்.

“வலது கையாவது” என்றார் தொரசாணி. எழுந்தார்.

வெளியே வந்து அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை உங்களுக்குப் பதில் ஒரு அம்மா போகிறார், அவருக்குத் தாமதமானால் கை போய்விடும், அடுத்த வேனில் உங்களுக்கு நிச்சயம் என்று. அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “என் வெரலு மடங்கலியா? இது பொய்யா?” என்று கையைத் தூக்கிக் காட்டினார். நியாயமான கேள்வி. அறுப்பு வேலைக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். சாமி கும்பிட்டுவிட்டு, ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். திரும்பிப் போய் என்ன சொல்வார்?

சூசையம்மாதான் முதலில் மூட்டையைத் தூக்கினார். “எறங்கு. வா போலாம். இவங்ககிட்ட இன்னா பேச்சு?” என்றார். அஞ்சலை படியேறத் தடுமாறியபோது, அதே சூசையம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வேனுக்கு அவர்கள் வந்தார்கள். அந்தோணிக்கு இப்போது கை நன்றாக இருக்கிறது. சூசையம்மா மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது அவருடைய உரிமை.

வேன் போன பிறகு தொரசாணி தன் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த பட்டியலை உரித்தார். கிழியாமல் மெதுவாக உரித்து, மடித்து என் கையில் கொடுத்தார். “சொற்கள் எல்லாம் சரி” என்றார். அவ்வளவுதான். டைப் அடித்த பிரதிகளை நானே அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ‘க்லாரெர் ஸை’ என்று எழுதப்பட்ட பெண்களை ஊர் ஊராகத் தேடிப் போனோம். சிலருக்கு நேரம் இருந்தது. சிலருக்கு இல்லை. அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. காப்பி வைத்துக் கொடுத்தார்கள்.

இப்போது நாம் கேட்பதில்லை, செய்து காட்டச் சொல்கிறோம். பெண்களைத் தனி அறையில் பார்க்கிறோம். கூட வந்தவர்களை வெளியே உட்காரவைக்கிறோம். இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று யாராவது உங்களிடம் கேட்டால் நோயாளிகளின் வசதிக்காக என்று சொல்லாதீர்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.

அஞ்சலை பல வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கட்டுப் பிரித்து, பயிற்சி முடித்து, வலது கையை முந்தானைக்கு வெளியே விட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து வந்தார். அங்கே கொடுத்த சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டாராம். “பக்கத்துக் கட்டிலுக்காரி, ‘இன்னாடி இது, கொழந்த மாதிரி தடவித் தடவித் துன்றே’ன்னா” என்று சொல்லிச் சிரித்தார். தொரசாணி அன்று ஊரில் இல்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வலது கை விரல்களை அளந்து எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

நான் எழுதி முடித்ததும், முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

“இது எப்பம்மா? அடுத்த வண்டியிலா?”

பெரிய மருத்துவமனையில் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. செஞ்சியில் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் வேறு யாரோ சொன்னதுதான். ஆங்கிலத்தில் அச்சிட்டவர் சொன்னது, தொரசாணி சொன்னது, நோயாளி சொன்னது. இதை எனக்கு முன்னால் சொல்ல யாரும் இல்லை.

“அந்தக் கைக்கு இனிமே செய்ய முடியாதுக்கா. மூட்டு இறுகிடுச்சு. முதல் வருஷமே அனுப்பியிருக்கணும்.”

அஞ்சலை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் வருஷம்னா, நீ ஒண்ணொண்ணாக் கேட்டியே, அப்பவா?”

“ஆமாக்கா.”

“நானே செஞ்சுக்குவேன்னு சொன்னேனே. அப்படிச் சொன்னது தப்பாம்மா?”

“இல்லக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாங்க கேட்டதுதான் தப்பு.”

அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

“முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நாலு பேரு எதுர்ல வாய் வரல” என்றார். குணமான வலது கையால் இடது கையை எடுத்து முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.